பதினாறு நிரை

சண்முகவடிவின் வீட்டைக் கட்டியது கஸ்பர் பாஸ் என்று பொகவந்தலாவைக் கடைவீதியில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்தக் கஸ்பர் பாஸ் நான்தான். எங்கள் பக்கத்தில் மேசனைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், முப்பத்தொரு வருடமாக அந்த வேலை செய்கிறேன். வீடு, கடை, ஒரு சின்னக் கோயில், மாதாவுக்கு இரண்டு கெபி என்று எண்ணிப் பார்த்தால் அறுபதுக்குக் குறையாது. மற்ற இடங்களில் வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டுத்தான் ஒரு கல்லைத் தொடுவார்கள். வடிவின் வீட்டில் நான் அவளிடம் கேட்டுக் கேட்டுக் கல் வைத்தேன். நான் குழைத்த சாந்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, மணல் கூடிப்போச்சு என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவள்தான். மணல் கூடித்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

வடிவுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினெட்டில் கொழுந்துக் கூடை மாட்டியவள், இன்னும் கழற்றவில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றான பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில். கலியாணம் கட்டிப் போனது அதே லயத்தில் நாலாவது காம்பராவுக்கு. புருஷன் வீரய்யா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சாதுவான மனிதர், ஒரு பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார். மகள் உடப்புசல்லாவையில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள், மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். பிள்ளைகள் போனபிறகு லயத்துக் காம்பரா ரெண்டு பேருக்குத் தாராளம்தானே, இனி எதற்கு வீடு என்று நானே ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தோட்டத்தின் உச்சியில் ஒரு மலையைப் பிரித்து, வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் அளவில் காணி என்று கொடுத்தார்கள். லொறி வரும் ரோட்டு அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் மண்ணில் வெட்டிய படிகள், இருநூறுக்கு மேல். படிகள் முடிகிற இடத்தில் தேயிலையும் முடியும். அங்கிருந்து அரசாங்கத்தின் ஒதுக்கக் காடு, எந்நேரமும் ஈரமாகவும் இருட்டாகவும் நிற்கும். சீட்டுக் குலுக்கியதில் எல்லோருக்கும் மேலே, காட்டை ஒட்டிய கடைசிக் காணி வடிவுக்கு விழுந்தது. லயத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மரைமான் வந்து தோட்டத்தை மேயும், புலி வந்து நாயைத் தூக்கும் என்று பயமுறுத்தினார்கள்.

"புலி வந்தா கதவச் சாத்திக்கலாம்" என்றாள் வடிவு. "லயத்துல வர்றவங்களுக்குக் கதவச் சாத்த முடியுதா?"

இனி நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். சர்வேயர் வந்து கல் நடுவதற்கு நாளாகும் என்றார்கள். அதுவரை சும்மா இருக்கவேண்டாம், வேலையைத் தொடங்குங்கள் என்று தோட்டத்து வெளிவேலை பார்க்கும் கண்டாக்கையா வந்து, காணிக்குக் கீழே தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் நின்று கம்பை நீட்டினார். அகலத்துக்கு முளை அடித்திருந்தது. நீளத்துக்கு, கானிலிருந்து மேலே பதினாறு நிரை உனக்கு என்றார். அவ்வளவுதான் அளவு.

நிரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நிரைதான். எங்கள் மலையில் எதையும் நிரையில்தான் சொல்லுவோம். பாம்பைக் கண்டது எத்தனை நிரை தள்ளி, மண் சரிந்தது எத்தனை நிரை அகலம், எல்லாம் அப்படித்தான். முப்பது வருடம் நிரையில் நடந்த வடிவுக்கு அதைவிட உறுதியான அளவு உலகத்தில் கிடையாது. அவள் எண்ணினாள். நானும் பின்னாலேயே போய் எண்ணினேன். பதினாறு. நானும் லயத்தில் பிறந்தவன்தானே. இடுப்பில் டேப்பைச் செருகிக்கொண்டு நிரையை எண்ணிவிட்டு வந்தேன்.

கீழே இருந்த பன்னிரண்டு நிரையும் புதுத் தேயிலை, நிரைக்கு நிரை நாலடி. மேலே நாலு நிரை வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை. அது ஐந்தடிக்கு ஒன்றாக நட்டது. கண்டாக்கையாவின் மனக்கணக்கு எல்லாமே நாலடி. மற்ற காணிகள் முழுக்கப் புதுத் தேயிலை, அவற்றில் தவறு வரவில்லை. எங்கள் கணக்கில் மட்டும் நாலடி கூடிப்போனது. சுவரைக் கால் அங்குலம் பிசகாமல் டேப் பிடித்துக் கட்டிய எனக்கு, காணியை டேப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கட்டினோம். கட்டினோம் என்று நான் ஒரு சொல்லில் சொல்கிறேன். அந்தப் படிகளில் மணல் ஏறிய கதையைத் தனியாகச் சொல்லலாம். வடிவு பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டாள். அதே கூடையில், ஈரத்துக்கு இடுப்பில் கட்டும் படங்கை விரித்து மணலை அள்ளி, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு படியேறுவாள். வெளிச்சம் போவதற்குள் நாலு நடை. ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் பத்துப் பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் வீடு கட்டும்போது வடிவு போய்ச் சுமக்கவேண்டும் என்பது பேச்சு. சீமெந்துக் கல்லை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றினார்கள். நான் வெறுங்கையோடு அந்தப் படியில் ஏறி மூச்சு வாங்குகிறவன். அவர்களைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும், அதனால் சத்தம்போட்டு வேலை வாங்குவேன்.

சமைக்கிற குசினியைக் காட்டுப் பக்கம் வைக்கச் சொன்னாள். முன்பக்கம் கான் ஓரம் மண் இளகல், அங்கே கறிப்பாத்தி போட்டுக்கொள்கிறேன் என்றாள். ஒன்பதடிக் குசினி, காட்டைப் பார்த்து இரண்டு சன்னல். குளிர்காற்று அடிக்கும், ஒரு சன்னல் போதும் என்று நான் சண்டை பிடித்தேன். தோற்றேன்.

போன வருடம் சித்திரை முடிகிற சமயம் கூரைத் தகரமும் ஏறிவிட்டது. பூச்சு வேலை மட்டும் பாக்கி. அப்போதுதான் சர்வேயரும் வன இலாகா ஆபீசரும் வந்தார்கள். கயிறு பிடித்தார்கள், சிவப்பு மை பூசிய கல்லை நட்டார்கள். கயிறு வடிவின் குசினிக்குள்ளே அடுப்பின் மேலாகப் போனது. கடைசி நிரைக்கு ஒரு அடி விட்டுக் கட்டியிருந்ததால், பின்சுவர் மூன்றடி காட்டுக்குள் நின்றது.

ஆபீசர் இளவட்டம், மரியாதை தெரிந்த பையன். சிங்களத்தில்தான் பேசினார், எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் நான் நடுவில் நின்றேன். அவர் எழுதிக்கொடுத்த கடதாசியில் இருந்தது இதுதான்: பதினாலு நாளைக்குள் காட்டுக்குள் இருக்கும் கட்டடத்தை அகற்றவேண்டும். அகற்றாவிட்டால் வழக்கு. வழக்கு வந்தால் காணிக்கு உறுதிப் பத்திரம் கிடைக்காது, கொடுத்த காணியும் திரும்பப் போய்விடும். வடிவுக்கு நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தப்பில் பாதி என்னுடையது.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எத்தனை அடி என்று கேட்டாள்.

அன்று பின்னேரம் வீரய்யா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவர் வெள்ளைச் சட்டை போட்டால் கோயிலுக்கு அல்லது தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கு என்று அர்த்தம். தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் ஆபீசர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார் என்றார். வடிவு அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"தலைவரு கடிதம் குடுப்பாரு. அடுத்த எலெக்சனுக்கு அவரு படத்தக் கொண்டாந்து நம்ம சுவத்துல ஒட்டுவாங்க. கிழிக்க முடியுமாங்க நம்மளால?"

வீரய்யா யோசித்துப் பார்த்துவிட்டு, முடியாதுதான் என்றார்.

என்னிடம் இன்னொரு வழி இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் அன்றைக்கு வெட்கப்படவில்லை. சிவப்புக் கல்லை மூன்றடி மேலே தள்ளி நட்டால் என்ன? இரண்டு பேர், ஒரு அலவாங்குக் கம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேர வேலை. காடு வந்து முறைப்பாடு வைக்கப் போகிறதா?

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகாம கல்லு பேக்கப் போறீங்களா, பாஸ்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குக் காது சுட்டது.

பிறகு சிரிப்பில்லாமல் ஒரு கதை சொன்னாள். மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது நெஞ்சுச் சளியில் இழுத்துக்கொண்டு கிடந்ததாம். அடுப்புப் புகை வெளியே போக லயத்துக் காம்பராவின் பின்சுவரில் ஒரு சின்னச் சன்னல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோட்ட ஆபீசில் போய்க் கேட்டாள். மூன்று தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் அரைநாள் நின்றாள். இரண்டு தடவை பிறகு வா என்றார்கள். மூன்றாவது தடவை, உனக்குச் சன்னல் கொடுத்தால் லயம் முழுக்கக் கேட்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இந்தச் சுவரு இப்பிடியே நின்னா, புதுசா ஒரு ஆபீசர் மாறி வர்றப்பெல்லாம் நான் போயி வாசல்ல நிக்கணும். கைகட்டிக்கிட்டு நின்னது போதும் பாஸ். யாருகிட்டயும் போயி நிக்காத வீடு ஒன்னு எனக்கு வேணும். அது சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

வட்டகொடையில் ஒப்புக்கொண்டிருந்த வேலைக்கு, ரெண்டு கிழமை பிந்தும் என்று போன் போட்டுச் சொன்னேன். அந்த வீட்டுக்காரன் என்னை ஏசினான். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் சம்மட்டியோடு வந்தேன். அவள் சம்மட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். சுவரை உடைக்கவேண்டாம், பிரிப்போம் என்றாள். முதலில் குசினித் தகரத்தை ஆணி ஆணியாகக் கழற்றினோம். பிறகு மேல் வரியிலிருந்து ஒவ்வொரு கல்லாக உளி வைத்துத் தளர்த்தி எடுத்தோம். அவள் பழைய கவ்வாத்துக் கத்தியால் கல்லில் ஒட்டிய சாந்தைச் சுரண்டி அடுக்கினாள். எனக்குப் பொறுமை கிடையாது. முதல் நாளிலேயே ஆறு கல்லை உடைத்தேன். அவள் உடைத்தது ஒன்றுதான், அதற்கும் அரைமணி நேரம் முணுமுணுத்தாள். காலையில் கொழுந்துக்குப் போய்விட்டு, பின்னேரம் வந்து இருட்டும்வரை இடித்தாள். தான் கட்டியதைத் தானே இடிக்கிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வடிவின் முகம் மணல் சுமந்தபோது இருந்தது போலவே இருந்தது. ஒருதரம் மட்டும், அடுப்பைப் பேர்த்தபோது, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள். தூசியும் இருந்தது.

ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை வந்தால் லேசில் போகாது. திறந்து கிடந்த சுவர்த் தலையில் தண்ணீர் இறங்கினால் முழு வீடும் ஊறிப்போகும். லயத்துப் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளைக் கழற்றிக் கொண்டுவந்து போர்த்தினார்கள். மறுநாள் வேலைக்கு அவர்கள் பழைய உரப்பையைக் கட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அந்த நன்றியை வடிவு வாயால் சொல்லவில்லை, ஆளுக்கொரு நாள் விறகு கொண்டுபோய்ப் போட்டாள்.

புது அத்திவாரம் வெட்டும்போது எங்களுக்குள் கடைசிச் சண்டை. எல்லையோடு ஒட்டிச் சுவரை எழுப்பினால் குசினி ஆறடி தேறும். இன்னும் ஒரு அடி உள்ளே தள்ளுங்கள் என்றாள். ஐந்தடியில் குசினியா, கோழிக்கூடா என்று கத்தினேன். ஒரு ஆளுக்கு ஐந்தடி போதும், நீங்கள் வந்தால் வெளியே உட்காருங்கள் என்றாள். இந்தத் தடவை காணி முழுவதையும் கானிலிருந்து டேப் பிடித்து இரண்டு தரம் அளந்தேன். டேப்பின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள், என்னை நம்பவில்லை. இரண்டு சன்னலும் அதே இடத்துக்கு வந்தன. அதில் மட்டும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் கடைசித் தகரம் ஏறியது. பதினாலாம் நாள் காலையில், தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஆபீசர் படியேறி வந்தார். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கயிறு பிடித்துப் பார்த்தார். சுவர் கல்லுக்கு ஒரு அடி உள்ளே இருந்தது. பழைய அத்திவாரக் குழியையும் நாங்கள் மண் போட்டு மூடி, மேலே பாசியைப் பெயர்த்து வைத்திருந்தோம். அவர் காலால் தட்டிப் பார்த்தார். ஏதோ எழுதினார். பிறகு முன்வாசல் பக்கம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். சுவரை இடித்திருக்கவே வேண்டியதில்லையாம். தெரியாமல் செய்த தவறு, ஏழைப்பட்ட குடும்பம் என்று மனுக் கொடுத்துக் கேட்டிருந்தால், மூன்றடிதானே, தானே மேலிடத்துக்குச் சிபாரிசு எழுதியிருப்பாராம். ஏன் வந்து கேட்கவில்லை என்றார்.

வீரய்யா சிங்களம் கொஞ்சம் விளங்குகிறவர். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பதின்மூன்று நாள், அந்த மழை, அந்த அடுப்பு. இதை எப்படி வடிவிடம் சொல்வது என்று நான் தடுமாறினேன். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன்.

வடிவு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் காயாத சாந்து.

"கேக்கக்கூடாதுன்னுதான் பாஸ் இடிச்சேன். அதையும் சிங்களத்துல சொல்லுங்க."

சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அந்தப் பையன் குடையை மடக்கினார். உள்ளே வந்து குசினியைப் பார்க்கலாமா என்று வடிவைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை மழையில் நின்றார்.