வாயுக் குளிகை

என் வீட்டுக்காரர் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டார் என்று தோவாளையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசுகிற வாயில் மண்ணைத்தான் போடணும். அவர் குடித்ததெல்லாம் சாயா. கல்யாணத்துக்கு முன்னால் ஆரல்வாய்மொழி ரோட்டில் லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றியிருக்கிறார்கள். கிருமி அதில் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஹெபடைட்டிஸ் சி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உள்ளே இருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஈரலைத் தின்றிருக்கிறது. காலில் ஆறாத ஒரு புண்ணுக்காக ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

அவர் டெம்போ ஓட்டுகிறவர். விடியும் முன்னே பூச்சந்தையில் பிச்சியும் அரளியும் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போவார். சொந்த வண்டி. என்னைவிட அதைத்தான் நன்றாகத் துடைத்து வைத்திருந்தார். அதனால் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஈரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது என்று சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வண்டி ஓட்டலாம்லா சார்?"

"தாராளமா. இப்பவே கிருமியைக் கொன்னுட்டா ஈரல் இந்த அளவுல நிக்கும். மூணு மாசம், தினம் ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடப்படாது."

மாத்திரை சர்க்கார் கொடுத்தது. குறை சொல்ல மாட்டேன், நல்ல மருந்து. எங்களோடு வரிசையில் நின்ற குளச்சல்காரி ஒருத்தி அதே மாத்திரையைச் சாப்பிட்டுக் கிருமி போய், இப்போது தலையில் மீன்கூடையோடு நடக்கிறாள். இவருக்கும் முதல் வாரம் கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள்தான் தலைவலி. இங்கிலீஷ் மருந்து சூடு, ஈரலை வேகவைத்துவிடும், கீழாநெல்லி அரைத்துக் கொடு என்றார்கள். என் நாத்தனார், அண்ணனுக்கென்று தனித் தட்டும் தம்ளரும் எடுத்து வைத்தாள். சேர்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தேன். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நஷ்டம் ஒன்றுமில்லை.

அவர் ஒரு நாள்கூட விடவில்லை. மாத்திரை தீர்ந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கிருமி அப்படியே இருந்தது.

இந்த முறை இருந்தது வேறு டாக்டர், சின்ன வயசுப் பெண். முந்தினவர் மருந்து விவரம் கேட்டு எழுதியபோது என்னை வெளியே நிறுத்திவிட்டு இவரோடு மட்டும் பேசினார். இந்தப் பெண் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சுகருக்கு? பிரஷருக்கு? நெஞ்செரிச்சலுக்கு, வாயுவுக்கு?"

இவர் சிரித்துவிட்டார். "வாயுக் குளிகையா? அது டெய்லி உண்டுல்லா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் மாத்திரைக்குக் குளிகை என்றுதான் பேர். அதிலும் வாயுக் குளிகை சாயாவுக்கு முன்னால் வாயில் விழுகிற சாமான். சந்தையில் சுமை தூக்குகிறவன், பூக்கட்டுகிறவள், டிரைவர், எல்லாரும் வெறும் வயிற்றில் ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். நேரத்துக்குச் சோறு கிடையாது, வயிறு எரியும், அதற்கு அது. மெடிக்கலில் சீட்டும் கேட்க மாட்டான், ஒன்றும் கேட்க மாட்டான். சட்டைப் பையில் பீடி வைக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அதை மருந்து என்று ஒருத்தரும் நினைத்தது கிடையாது.

வயிற்றில் புளிப்பு இருந்தால்தான் அந்தக் கிருமி மாத்திரை சரியாகக் கரைந்து ரத்தத்தில் சேருமாம். வாயுக் குளிகை அந்தப் புளிப்பைத்தான் கொல்கிறது. "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். சிலருக்கு எல்லாம் ஒழுங்காச் சாப்பிட்டும் போகாது. ஆனா இது நடந்திருக்கப்படாது," என்றாள்.

பஸ்ஸில் நான் சும்மா வரவில்லை.

"மொத டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல்ல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?"

"ஏட்டி, அவரு மருந்து சாப்பிடுதியான்னு கேட்டாரு. அது மருந்தாட்டி? எல்லாவனும் திங்கான்."

"எல்லாவனுக்குமா ஈரல் சுருங்கிருக்கு?"

"மெதுவாப் பேசு. கண்டக்டர் பாக்கான்."

"பாக்கட்டும். அவன் பையிலயும் ரெண்டு கெடக்கும்."

முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது சிகிச்சைக்கு மேலிடத்தில் அனுமதி வர வேண்டும் என்றார்கள். போனோம், வந்தோம், போனோம். ஆபீசர் லீவு, மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள். அந்தக் காத்திருப்பில்தான் அவருடைய வயிறு வீங்கியது. தண்ணீர் கோர்த்து, வேட்டி இடுப்பில் நிற்காமல், கால் இரண்டும் மாவு மூட்டை மாதிரி ஆயிற்று. ஊசி குத்தித் தண்ணீரை வடித்தார்கள். அதன் பிறகு மாத்திரை வந்தது. ஆறு மாதம், கூடவே இன்னொரு மாத்திரை. அது ரத்தத்தைக் குறைத்து ஆளை வெளுக்க வைத்தது. வாசல்படி ஏறவே மூச்சு வாங்கியது. வயிறு எரிந்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தார். குளிகையைத் தொடவில்லை.

கிருமி போய்விட்டது. அந்தப் பெண் டாக்டர்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் சந்தோஷப்படவில்லை. ஈரல் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. கிருமியைக் கொல்ல மருந்து இருக்கிறது, சுருங்கிப் போன ஈரலை முளைக்க வைக்க இல்லை. வேறு ஈரல் வைக்கலாம், அதற்கு அவருடைய உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றாள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர் மறுபடியும் கேட்டார், "அப்போ வண்டி ஓட்டலாம்லா?"

அவள் என்னைப் பார்த்தாள். முந்தின வாரம், கொஞ்சம் தெம்பு வந்ததும் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துப் போய், தோவாளைக்குத் திரும்புகிற மனுஷன் தக்கலையில் ரோடு மாறி பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இது எந்த ஊர் என்று ஐஸ் விற்கிறவனிடம் கேட்டிருந்தார். அவனே போன் போட்டான். ஈரல் கழிக்க வேண்டிய விஷம் மூளைக்கு ஏறுகிறது, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

போன மாதம் வண்டியைக் கொடுத்துவிட்டோம். வாங்கினவன் மார்த்தாண்டத்துப் பையன், காய்கறி ஏற்றுகிறவன். இவர் சட்டை போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மூணாவது கியர் முரண்டும், மக்கா. அமத்திப் போடணும். மழையில பிரேக்கை நம்பாத."

"சரி அண்ணாச்சி."

"கண்ணாடியைத் தெனம் தொடைக்கணும்."

"தொடைக்கேன் அண்ணாச்சி."

வண்டி திரும்பி மறையும் வரை நின்றார். பிறகு படுத்தார். சாயங்காலம் எழுந்து வாசலுக்கு வந்து, வெறும் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஏட்டி, வண்டியை எவன் எடுத்துட்டுப் போனான்?"

சொன்னேன். கோபப்பட்டார், அழுதார், தூங்கினார். மறுநாள் காலையிலும் கேட்டார். இப்போதும் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் உள்ளதையே சொல்கிறேன். வொர்க்ஷாப்பில் நிற்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடு என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. சொன்னால் சாவியைத் தேடுவார்.