பை கிழிக்காத கன்றுகள்

பைப் அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. புது மனைப்பிரிவில் அதைக் கேட்டவர் யாருமில்லை. எந்நேரமும் தோளில் ரப்பர் குழாயோடு திரிந்ததால், அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஐந்து தெரு, நூற்றிருபது வீடு, வீட்டுக்கொரு மரக்கன்று. இரண்டு வருடம் கன்றுகளை உயிரோடு வைத்துக் காட்டினால்தான், மனை போட்டு விற்ற கம்பெனி நகராட்சியில் கட்டிய வைப்புத்தொகை திரும்பும். அதற்குப் பிறகு மரங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பாடு. இதற்காகவே வீடு வாங்கியவர்களிடம் பசுமைக் கட்டணம் என்று ஒன்றைக் கம்பெனி முன்கூட்டியே கறந்திருந்தது. கறந்தது கம்பெனி, வெயிலில் காய்ந்தது தண்ணீர் ஊற்ற அது வைத்திருந்த பைப் அண்ணன்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மரங்கள் சங்கத்தின் கைக்கு வந்ததும் அவரையே தோட்டக்காரராக வைத்துக்கொள்வதாகச் செயலாளர் அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆளில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம். அதை நம்பித்தான் முட்டிவலிக்காரியான அவர் மனைவி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் கோடையில் கம்பெனி தண்ணீர் லாரியை வாரம் ஒருமுறையாக்கியது. முப்பத்தெட்டு கன்றுகள் கருகின. நகராட்சி ஆய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது கம்பெனி மேனேஜர், கறுப்பு பிளாஸ்டிக் பையில் வளர்த்த புதுக் கன்றுகளோடு வந்து இறங்கினார்.

"பையைக் கிழிக்காதீங்க. அப்படியே குழியில இறக்கி மண்ணைத் தள்ளுங்க."

"வேர் எப்படி சார் போகும்?"

"கிழிச்சா வேர் அசைஞ்சு ஒரு வாரம் தொங்கும். ஆய்வு அன்னைக்கு இலை நிமிர்ந்து நிக்கணும். அப்புறம் நீங்கதானே இங்க இருக்கப்போறீங்க? நிதானமா கிழிச்சுக்கங்க."

இலை தொங்கும் என்பது உண்மைதான். தான்தான் அங்கே இருக்கப்போகிறோம் என்பதையும் அவர் நம்பினார். பாவி மனுஷன், முப்பத்தெட்டையும் பையோடு நட்டார்.

ஆய்வாளர் காரை விட்டு இறங்காமலே எண்ணிக்கொண்டு போனார். கணக்கு சரியாக இருந்தது. அன்று சாயங்காலமே கம்பெனி அண்ணனைக் கணக்குத் தீர்த்து அனுப்பியது. குழாயையும் வாங்கி வைத்துக்கொண்டது. சங்கமோ பதிவு முடியட்டும் என்று மூன்று மாதம் இழுத்தது. அதுவரை வெளியாள் உள்ளே வரக் கூடாது என்று காவலாளி அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா வரப்போற வேலையும் போயிடும்டி."

"செடி?"

 தினம் ராத்திரி படுத்தால் அவருக்குப் பைக்குள்ளே வேர் சுற்றிச் சுற்றி வருவதுதான் கண்ணுக்குள் நின்றது. 

நாலாவது மாதம் செயலாளர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அம்மாவின் வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். முந்தின நாள் காற்றில் சாய்ந்த கன்று ஒன்று தரையில் கிடந்தது. கறுப்புப் பை அப்படியே இருந்தது.

"இது நீங்க நட்டதா?"

"ஆமாம்மா."

"பையோடயே?"

"ஆமாம்மா." தலை குனிந்தவர், பிறகு அவசரமாகச் சொன்னார்: "இதே மாதிரி இன்னும் முப்பத்தேழு இருக்கும்மா. எதெதுன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கே கிழிச்சு நட்டா முக்காவாசி பிழைச்சுக்கும். ஒரு கத்தியும் மண்வெட்டியும் குடுங்க. சம்பளம் வேண்டாம், வேலையும் வேண்டாம்."

யாரும் நகரவில்லை.

"எதையும் தொடக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார்" என்றார் அம்மா. "பசுமைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு கம்பெனி மேல கேஸ் போடறோம். சாட்சிக்கு எல்லாம் இருக்கிறபடியே இருக்கணும்."

"கேஸ் முடியறதுக்குள்ள செத்துப்போயிடும்மா."

"தெரியும்."

அந்த அம்மாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசிவரை அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

நின்றவர்களில் ஒருவர் படம் பிடிக்கப் போனை எடுத்தார். கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். பை நன்றாகத் தெரிய வேண்டும், நட்டவர் முகமும் தெரிய வேண்டும். இஸ்திரிச் சட்டையில் மண் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அண்ணன் நிமிர்ந்து நின்றார். பழக்கதோஷம், அவர் கட்டைவிரல் தானாகப் பையின் விளிம்பில் நகத்தை ஊன்றியது.

"கிழிச்சிடாதீங்க" என்றார் படம் எடுத்தவர்.