நைனாவைப் பற்றிச் சொன்ன சாட்சி

மலேசியாவில் கிள்ளான் என்கிற ஊரில் இரண்டு வருஷம் கிறிஸ்தவ சபை ஊழியனாக இருந்தேன். இருபத்து மூன்று வயசில் போனேன், இருபத்தைந்தில் திரும்பினேன். அங்கே போய் என்ன செய்தே என்று திருத்தணியில் யாராவது கேட்டால், "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லி நழுவிவிடுவேன். நேராகச் சொல்வதென்றால், அங்கே போய் என் அப்பாவின் பேரைக் கெடுத்தேன். கடல் தாண்டிப் போய்க் கெடுத்தேன். அதற்கு விசா வேறு.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். நைனா தறி மெக்கானிக். அம்மையார்குப்பத்தில் எந்த ஷெட்டில் பவர்லூம் நின்றுபோனாலும் அவருக்குத்தான் போன் வரும். காலையில் பஸ் ஏறிப் போனால் சாயங்காலம் முழங்கை வரைக்கும் ஆயில் கறையோடு வருவார். முருகனைத் தவிர வேறு சாமி அவருக்குத் தெரியாது.

நான் அரக்கோணத்தில் டிப்ளமோ படிக்கும்போது ஹாஸ்டல் நண்பன் ஒருவனோடு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். தங்கச்சி முறைத்தாள். நைனா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "உங்க சாமிக்கு எந்தக் கிழமைல கறி ஆவாது? அம்மாகிட்ட சொல்லிடு, அவ பாட்டுக்கு ஆக்கி வெச்சிடப் போறா" என்றார். அவ்வளவுதான் அவர் போட்ட சண்டை. மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசல் வரைக்கும் என் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கேட்டும் கொடுக்கவில்லை.

கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்களுக்கு அறை. நானும் நாகர்கோவிலிலிருந்து வந்த இன்னொரு ஊழியரும். காலை ஐந்து மணிக்கு ஜெபம். தூங்கி விழாமல் முழங்காலில் நிற்பதே பெரிய பாடு. ஏழு மணிக்குக் கீழே டயர் கழற்றும் மெஷின் அலற ஆரம்பித்ததும் நாங்கள் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் ஒரு பொட்டலம் வாங்கிப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிப்போம். அப்புறம் பொழுதெல்லாம் அடுக்குமாடி வீடுகள்தான். லிஃப்ட் வேலை செய்தால் அன்றைக்கு ஸ்தோத்திரம், இல்லாவிட்டால் படி. கதவைத் திறக்கிற தமிழ் அம்மாக்கள், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டு மைலோ கலக்கி வைப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு நாளில் ஏழு வீடு என்றால் ஏழு மைலோ. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஜெபம். சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். நான் டிப்ளமோவில் அரியர் வைத்ததே கணக்கில்தான், அது அவர்களுக்குத் தெரியாது.

துவைத்த சட்டை அங்கே காயவே காயாது. நாலு மணி ஆனால் மழை வந்துவிடும். ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, போகிற வீட்டிலெல்லாம் தமிழே பேசுகிற ஊரில் எனக்குப் பேச ஒருத்தரும் இல்லையே என்று தோன்றும். அந்த வயசில் எனக்கு யாராவது என்னை மெச்ச வேண்டும். அது என் கெட்ட குணம். ஊழியத்துக்கு வந்தால் போய்விடும் என்று நினைத்தேன், எங்கே போயிற்று?

ஞாயிறு ஆராதனையில் யாராவது ஒருவர் சாட்சி சொல்வார். ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. எங்கள் சபையில் முன்னாளில் ரௌடியாக இருந்த ஒருவர் சட்டைக் கையை மடித்து வெட்டுத் தழும்பைக் காட்டினால் மொத்தச் சபையும் அல்லேலூயா சொல்லும். அவருக்கு அடுத்த வாரம் என் முறை. "ஹாஸ்டல்ல இருந்தேன், மனசு ஒரு மாதிரி இருந்துச்சு, ஜெபம் பண்ணேன், நிம்மதி கிடைச்சுது" என்றேன். அது அத்தனையும் உண்மை. முன்வரிசையில் ஒரு அம்மா கொட்டாவி விட்டார். இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, உங்க சாட்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல இருட்டே இல்லையே. எந்த மாதிரி இருட்டுலேர்ந்து வந்தீங்கன்னு சொன்னாதான சனங்களுக்குப் புரியும்" என்றார். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. பழியைத் தூக்கி அவர்மேல் போட மாட்டேன். இருட்டைத் தேடிக்கொண்டு போனது நான்தான்.

எங்கள் வீட்டில் இருட்டு என்று எதைச் சொல்வது? நினைத்து நினைத்துப் பார்த்தால் ஒரே ஒரு நாள்தான் அகப்பட்டது. நான் ஆறாவது படிக்கும்போது என் சித்தப்பா லாரி மோதிச் செத்துப்போனார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய சாயங்காலம் யாரோ நைனாவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். வாசலிலேயே வாந்தி எடுத்தார். அம்மா முகத்தைக் கழுவிவிட்டுப் பாய் போட்டுப் படுக்க வைத்தாள். தம்பி பேரைச் சொல்லி அழுதுகொண்டே தூங்கிப்போனார். வாழ்க்கையில் அவர் குடித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த முறை மேடையில் நின்றபோது, "எங்க அப்பா குடிப்பார்" என்று சொன்னேன். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அடடா, அந்த நிமிஷம் இருக்கிறதே! அதற்கு அடுத்த முறை "தினமும் குடிப்பார்" ஆயிற்று. பக்கத்து ஊர்ச் சபையில் கூப்பிட்டபோது அம்மாவை அடிக்க ஆரம்பித்தார். அடுத்த சபையில் நான் குறுக்கே விழுந்து அடியை வாங்கிக்கொண்டேன். சொல்லும்போது நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது, அதுதான் கேவலம். கூட்டம் முடிந்ததும் பாட்டிமார்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர், "தம்பி, உன் சாட்சியைக் கேட்ட நாள்லேர்ந்து நான் பாட்டிலைத் தொடல" என்றார். அவர் பெண்டாட்டி என் காலில் விழப் போனார். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ!

சபைக்காரர்கள் அதை வீடியோ எடுத்து யூட்யூபில் போட்டார்கள். என் தலைக்கு மேலே ஊர்ப்பேர் வேறு, திருத்தணி என்று கொட்டை எழுத்தில்.

அந்தச் சமயம் தங்கச்சிக்கு நகரியில் ஒரு வரன் பேசி முடித்திருந்தார்கள். நல்ல இடம். தை பிறந்ததும் நிச்சயம் என்று இருந்தது. அவள் மூன்று மாசமாக அந்தப் பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், பேச்சுக்கு முன்னூறு தடவை தெலுங்கு முறையில் பாவா, பாவா. நான் கிண்டல் செய்தால், "எனக்குப் பிடிச்சிருக்குண்ணா, உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?" என்று சிரிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை நான் ஏழாவது மாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். சிரிக்கவில்லை. "அண்ணா, நைனா எப்ப அம்மாவை அடிச்சாரு?" என்றாள்.

அந்த வீடியோ நகரிக்குப் போய்விட்டிருந்தது. பையனுடைய அப்பா பார்த்திருக்கிறார். குடிகாரன் வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு நம் வீட்டிலும் வந்து குடித்துவிட்டுக் கலாட்டா செய்வானே என்று அவர்கள் வீட்டில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் நாலு பேர் நேரில் வந்து கேட்கப் போகிறார்களாம்.

"பொய்யின்னு ஒரே ஒரு வீடியோ எடுத்து அனுப்புண்ணா. நான் சொன்னது தப்பு, எங்க நைனா அப்படிப்பட்டவர் இல்லன்னு. ரெண்டு நிமிஷம் பேசு போதும். அவங்க வர்றதுக்குள்ள அனுப்பு. உன் கால்ல வேணா விழறேன்."

"ஆங், அனுப்பறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். "அந்தத் துறைமுகத்துக்காரர் இதைக் கேட்டா என்ன ஆவாருன்னு யோசிச்சீங்களா? பொறுங்க, வீடியோவை எடுத்துடுவோம். மீதியை ஆண்டவர் பாத்துப்பார்" என்றார். அன்று மத்தியானமே வீடியோவை எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினேன். "அவங்க போன்ல இருக்குண்ணா" என்று ஒரே வரி பதில் வந்தது.

சனிக்கிழமை மொட்டை மாடியில் நின்று மூன்று தடவை வீடியோ எடுத்தேன். மூன்று தடவையும் "நான் பொய் சொன்னேன்" என்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி அழித்தேன். நகரியில் நாலு பேர் பார்ப்பது எனக்குப் பயமில்லை. அது சுற்றிச் சுற்றித் திரும்பக் கிள்ளானுக்கு வந்துவிட்டால்? அந்தப் பாட்டிமார்கள் பார்த்தால்? அதுதான் பயம். என் தங்கச்சியின் கல்யாணத்தை ஒரு பக்கமும், எனக்கு அங்கே கிடைத்த மரியாதையை இன்னொரு பக்கமும் வைத்து, மரியாதையை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டு ஆராதனைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதுவதே அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பதிலாகத்தான், பதில் ஆகாது என்று தெரிந்தும்.

திங்கட்கிழமை தங்கச்சி, "முடிஞ்சிடுச்சு" என்று அனுப்பியிருந்தாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் என்னோடு பேசவில்லை. நைனா மட்டும் வாரா வாரம் கூப்பிட்டார். "சாப்ட்டியா? அங்க மழையா?" அதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விசா முடிந்து நான் திரும்பி வந்தபோது நகரிப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி ஆறு மாசம். தங்கச்சி ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு விசுவாசம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த மேடைதான் முன்னால் வந்து நிற்கிறது. வந்த மூன்றாம் நாள் தங்கச்சியிடம், "நான் நகரிக்குப் போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன். கல்யாணம் போனது போனதுதான், நைனா பேராவது மிஞ்சட்டும்" என்றேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "யார்கிட்ட போய்ச் சொல்லப் போற? அன்னிக்கு அவங்க கேட்டப்ப நைனாவே ஆமாம்னுட்டாரு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்களாம். அம்மா, "ஐயோ, அத்தனையும் பொய்யிங்க, இந்த மனுசன் என்னை ஒரு சொல் சொன்னதில்லை" என்று கத்தினாளாம். நைனா தரையைப் பார்த்துக்கொண்டே, "புள்ள சொல்லிகினு இருக்கான்னா இருக்கும்ங்க" என்றாராம். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது, அவர்கள் எழுந்துவிட்டார்கள். "அன்னிலேர்ந்து அம்மாகிட்ட குரல் உசத்திப் பேசறதில்ல. தண்ணிகூட தானே போய் மோந்து குடிக்கறாரு" என்றாள்.

எனக்காகத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார், நாலு பேர் முன்னால் மகன் பொய்யனாகக் கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து பின்பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"நைனா, நான் அங்க சொன்னது அத்தனையும் பொய். உனக்கே தெரியும். அப்புறம் ஏன் ஆமாம்னு சொன்ன?"

அவர் சோப்புத் தூளைக் கையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பொய் சொல்றவன் மூஞ்சி அப்படி இருக்காதுடா. அந்த வீடியோவை நான் மூணு வாட்டி பார்த்தேன். சாமி பேரைச் சொல்லி, அவ்ளோ ஜனம் முன்னாடி, அழுதுகினு சொல்றே."

"பொய் நைனா. சத்தியமா பொய்."

"தினமும்னு நீ கூட்டிச் சொன்னே, அது போவட்டும். உங்க சித்தப்பன் போன அன்னிக்குக் குடிச்சேன் பாரு. சுடுகாட்டுல ஊத்திக் குடுத்தது தெரியும். காலைல பாய்ல கிடந்தது தெரியும். நடுவுல இன்னா பண்ணேன்னு ஒண்ணுமே தெரியல. நீ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது, அன்னிக்குத்தான் அவளை அடிச்சிருக்கேன். நீ பாத்துகினு இருந்திருக்கே."

"அடிக்கல நைனா! நான் பக்கத்துலதான் இருந்தேன். அம்மாவைக் கேளு, வேணும்னா இப்பவே கூப்பிடறேன்."

"கேட்டேன். அவளும் இல்லன்னுதான் சொல்றா, ஒரு வருஷமா சொல்லிகினு இருக்கா." குழாயை மூடிவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. "அவ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றா. நீயும் இப்ப அதான் பண்றே. உள்ள போய் சாப்பிடு, போ."