இருநூற்றுப் பதினேழாம் பாட்டில்

கடலில் அகப்படும் ஜெல்லிமீன், பவளம் எல்லாவற்றையும் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுவதுதான் அவளுக்கு வேலை. பத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே ஃபார்மலின் நெடி. ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ‘பாட்டில் அக்கா’. அந்தக் கடலில் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்கு முன்னால் யாரும் மெனக்கெட்டு எழுதியதில்லை. ஆனால் அவள் கணுக்காலுக்கு மேல் நனைந்ததும் இல்லை. பயம்தான். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் கிடையாது.

அன்று காலை படமெடுக்க இருநூற்றுப் பதினேழாம் பாட்டிலுக்குப் பின்னால் கறுப்பு அட்டையை வைத்தாள். கண்ணாடி மாதிரியான உயிர் வெறும் வெளிச்சத்தில் பாதிதான் தெரியும் என்பதால், அட்டை வைத்துப் பார்த்த பிறகே பெயர் எழுதுவாள். நான்கு நாள் முன்பு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், இந்தப் பாட்டிலுக்கு மட்டும் அதைச் செய்யாமலே பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். அன்று உருண்டையாகத் தெரிந்தது இன்று நான்கு மூலையுள்ள பெட்டியாக இருந்தது. மூலைக்கு மூலை நூல் நூலாக இழைகள். பெட்டி ஜெல்லிமீன். நன்றாகக் கொட்டினால் சில நிமிஷத்தில் ஆள் காலி.

சீட்டில் அவள் கையெழுத்திலேயே ‘ஆபத்தில்லாதது’ என்று இருந்தது. கிடைத்த இடம், குளிக்கும் துறை. அதை நம்பித்தான் துறையைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கேதான் அவள் தம்பி தினமும் காலையில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறான்.

தம்பிக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. விழுந்தடித்து ஓடினாள்.

துறையில் அவளைக் கண்டதும், அக்கா இன்றைக்காவது இறங்கப் போகிறாளா என்று கேலி செய்தான். சீட்டு தப்பு, இங்கே பிடித்தது பெட்டி ஜெல்லிமீன் என்று அவள் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு, எல்லோரையும் அலட்டிக்கொள்ளாமல் கரையேற்றினான். ஒருவரைத் தவிர. நீச்சல் பழக வரும் வங்கிக் குமாஸ்தா தூரத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். காது இரண்டும் தண்ணீருக்குள். கூப்பிட்டது எதுவும் எட்டவில்லை.

“யாருக்கா தப்பா எழுதினது?”

“நான்தான்டா.”

அவன் தண்ணீரின் பக்கம் திரும்பினான். அவள் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்குக் கேக்கலைக்கா. விடு.”

“அவரே வந்துடுவாரு. நீ போகாதே.”

அவன் இழுத்தான். அவள் மண்ணில் உட்கார்ந்தே விட்டாள், பிடியை விடவில்லை. தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. அதுதான் பயங்கரம், ஜெல்லிமீன் இருந்தாலும் தெரியாது.

குமாஸ்தா சாவகாசமாக நீந்தி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தம்பி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அந்த மனிதர் செத்தாலும் சாகட்டும் என்று அக்கா நினைத்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்து போனான்.