துவைக்காத சட்டை கேட்கும் ஆயாம்மா

சட்டையை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு தடவை மோந்து பார்க்கிறாள் ஆயாம்மா. காலை ஏழே முக்கால். வாசலில் பல் டாக்டர் ஒரு கையில் நாய்க்குட்டியும் மறு கையில் பையுமாக நிற்கிறார். தன்னுடைய நேற்றைய வியர்வையை இன்னொருத்தி இத்தனை அக்கறையாகச் சோதிப்பதைப் பார்க்கக் கூசி, மாடிப்படியை எண்ணிக்கொண்டிருக்கிறார். “ம், நல்லா இருக்கு” என்கிறாள் ஆயாம்மா. அதற்குப் பிறகுதான் குட்டி உள்ளே போகலாம்.

நல்லா இருக்கு என்றால் நாற்றம் போதுமான அளவுக்கு இருக்கிறது என்று பொருள். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் நாய்க்குட்டியை விட்டுப் போகும் அந்தத் தரைத்தள வீட்டில், குட்டிக்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்பாள். “துவைச்சது செல்லாது. நேத்து முழுக்க நீங்க போட்டிருந்தது வேணும். அதை விரிச்சுப் படுக்க வச்சா, நீங்க பக்கத்து ரூம்ல இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு அது தூங்கும். ஏமாத்து வேலைதான். வேற என்ன பண்றது?”

வீடு இரண்டே அறை. முன்னறையில் நாய்க்குட்டி வாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஒரு ஒயர் கிடையாது, செருப்பு கிடையாது, மேஜைவிரிப்பு கிடையாது. உள்ளறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. குளியலறைப் பக்கம் பழைய செய்தித்தாள்கள். அவற்றை விரிக்கிற வேலை அவள் வீட்டுக்காரருடையது. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர் அவர். விரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் ஒரு நோட்டம் விடுவார். பிழை மலிந்த பக்கமாகப் பார்த்து மேலே வைப்பார். “அதுங்களுக்கும் தெரியணும்ல, எங்க போறதுன்னு” என்பார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆயாம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்தாள். அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. காப்பகம் இருந்த கட்டிடத்தை இடித்தபோது அங்கேயிருந்த பாய்களையும் கழுவுகிற தொட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எதற்கென்று அப்போது தெரியாது. பிறகு காப்பகத்துக் குழந்தை ஒன்றின் அம்மா, புதிதாக நாய்க்குட்டி வாங்கியிருந்தவள், ஒரு பகலுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்த ஒரு பகல் ஆறு வருடமாக நீண்டுவிட்டது.

காப்பகத்து வழக்கம் எதையும் அவள் விடவில்லை. சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் நின்று அறிக்கை சொல்லித்தான் அனுப்புவாள். “ரெண்டு தடவை வெளிய போச்சு, ஒழுங்காத்தான் போச்சு. மத்தியானம் பாதிதான் சாப்பிட்டுச்சு. கோவமா இருந்துச்சு, உங்க மேலதான்.” ஆனால் எந்தக் குட்டியையும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பல் டாக்டர் வீட்டுது, பேங்க்காரர் வீட்டுது, அவ்வளவுதான். மடியில் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். முதல் தடவை வருகிறவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். நாய் பிடிக்காத பொம்பளை எதற்கு இந்த வேலைக்கு வந்தாள் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

பிடிக்காமல் என்ன. காப்பகத்தில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை ஒன்று, அம்மா கூப்பிட வந்த நேரத்தில் ஆயாம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அவளையே அம்மா என்றும் கூப்பிட்டது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த அந்தத் தாய், படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை. “அது என் கழுத்தைப் பிடிச்சுச்சே, அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையா இருந்துச்சு” என்று எப்போதாவது சொல்வாள். “அதை நெனச்சா இப்பவும் வெட்கமா இருக்கு.”

லேப்காரம்மா வந்தது ஏழு வாரத்துக்கு முன்னால். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மூன்று மாதக் குட்டி, பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். முதலில் அதைக் குளியலறையில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவின் அடிப்பக்கமெல்லாம் பிறாண்டி வைத்து, நகக்கண்ணில் ரத்தம். பக்கத்து வீட்டில் விட்டார்கள். இரண்டே நாளில் அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “வேற எடம் இல்லக்கா” என்றாள் லேப்காரம்மா.

அவள் கொண்டுவந்த சட்டையில் சோப்பு வாசம்தான் இருந்தது. ஆயாம்மா திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் கொண்டுவந்ததிலும் அதே வாசம். “வீட்டுக்குள்ள நுழைஞ்சதுமே எல்லாத்தையும் ஊற வச்சிடுவேன்க்கா. ஆஸ்பத்திரித் துணி. அதுல என்னென்ன ஒட்டியிருக்கும்னு எனக்குத்தானே தெரியும்.” புருஷன் சட்டையைக் கேட்டால் அதில் கிரீஸ் வாசம் ஆளைத் தூக்கியது. “இதை மோந்தா அதுக்கு வீடு ஞாபகம் வராது, ஒர்க் ஷாப்புதான் ஞாபகம் வரும்” என்று அதையும் தள்ளினாள்.

குட்டி அழுதது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான்கு நாள். மற்ற குட்டிகளையும் சேர்த்து அழவைத்தது. மேல் வீட்டில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் குடியிருக்கிறார், பகலில்தான் தூங்குவார். நான்காம் நாள் கண் சிவக்கக் கீழே இறங்கி வந்தார். சண்டை போட்டிருந்தால்கூட ஆயாம்மா சமாளித்திருப்பாள். அவரோ மெதுவாக, “ஒரு மணி நேரம் தூங்கிக்கிறேம்மா, அப்புறம் அது அழட்டும்” என்றார். அவர் போனதும் ஆயாம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குட்டிக்கு விரித்தாள். தப்பு என்று தெரிந்தேதான் விரித்தாள். குட்டி அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கியது. மறுநாளும் அதே துண்டு. அடுத்த வாரம் அது மடிக்கே வந்துவிட்டது. வாய் தவறி ஒரு தடவை ‘கண்ணு’ என்று கூப்பிட்டாள். பிறகு வாய் தவறவில்லை, தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

மூன்று வாரத்தில் குட்டி தேறிவிட்டது. லேப்காரம்மா வருகிற காலடிச் சத்தம் கேட்டால், இப்போது திறந்தே கிடக்கும் பலகைத் தடுப்பு வழியாக ஓடிப்போய், உள்ளறையில் ஆயாம்மாவின் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் படுத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டது. சாயங்காலம்தோறும் அந்தப் பெண் தரையில் முட்டி போட்டு, கன்னத்தைச் சிமெண்ட்டில் வைத்துக் கெஞ்சுவாள். கடைசியில் ஆயாம்மா “வா” என்றால்தான் வெளியே வரும். வீட்டில் அது சாப்பிடுவதில்லை, கதவுப் பக்கமே படுத்திருக்கிறது என்றாள் அவள். ஒரு வெள்ளிக்கிழமை, முட்டி போட்டவள் எழுந்திருக்கவேயில்லை.

“அதுக்கு எங்களைப் பிடிக்கலக்கா. ஒருத்தர் கேட்டிருக்கார், கிடங்கு வச்சிருக்கார். வெளிய கட்டிப் போட்டுக் காவலுக்கு வச்சுக்கறேங்கறார். எனக்கு மனசு வரல. நீங்களே வச்சுக்கறீங்களா?”

சரி என்கிற ஒரு வார்த்தை ஆயாம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது என்பதை அவளே ஒத்துக்கொள்கிறாள். தரையில் கிடந்த அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தாள். அன்றைக்குக் காப்பகத்துப் படியில் உட்கார்ந்திருந்த தாயின் முதுகும் இப்படித்தான் இருந்தது. “தப்பு உன்னுது இல்லம்மா, என்னுது” என்றாள். “ராத்திரி நீ தலை வச்சுப் படுக்கிற தலையணை உறையை நாளையிலருந்து கொண்டா. ரெண்டு வாரம் குடு. குட்டியை யாருக்கும் கொடுத்துடாத.”

லேப்காரம்மா போன பிறகு வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். “தலையணை உறை. நல்ல யோசனை. முதல் நாளே கேட்டிருக்கலாமே. தோணலையா, தோண வேண்டாம்னு இருந்தியா?” முப்பது வருடம் பிழை திருத்தியவருக்கு இதுவா கண்ணில் படாது. ஆயாம்மா துண்டை எடுத்துப்போய் மூன்று தண்ணீர் விட்டு அலசிக் கொடியில் போட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் நின்றுபோனது. குட்டிக்கு அவள் குரல் தெரியும் என்பதால் மற்ற குட்டிகளிடமும் பேசுவதில்லை. சாப்பாடு வைப்பது வீட்டுக்காரர். அவள் பலகைத் தடுப்புக்கு உள்பக்கம் உட்கார்ந்து, கட்டிலின் கீழ்ப்பக்கம் குட்டி நுழையாதபடி அட்டை வைத்து அடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாள் குட்டி காய்கிற துண்டுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் துண்டு அங்கே இல்லை. அவள் தண்ணீர் எடுக்க வெளியே வரும்போது ஓடிவந்து அவள் பாதத்தின்மேல் மோவாயை வைக்கும். அவள் காலை நகர்த்திக்கொள்வாள். அது மறுபடி வைக்கும். மறுபடி நகர்த்துவாள். ஐந்தாம் தடவை அது வைக்காது, அண்ணாந்து பார்க்கும். அப்படியே நடந்துபோவது எப்படியென்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

பலகையைப் பிறாண்டத் தொடங்கியது ஐந்தாம் நாள். குளியலறைக் கதவுக்கு அப்புறம் இந்தப் பலகை என்று உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றியது. வீட்டுக்காரர் போய்த் தூக்கிக்கொண்டு, அதற்கு ஒரு செய்தியை முழுதாகப் படித்துக் காட்டினார், பிழைகளைச் சுட்டிக்காட்டி. அது தலையணை உறையில் தூங்கிய பிறகு ஆயாம்மா சத்தம் போடாமல் வந்து, தொடாமல் குனிந்து, ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். ரத்தம் இல்லை. அழுதாள். “அவ அழுது முப்பது வருஷத்துல நான் பார்த்தது ரெண்டு தடவைதான்” என்று வீட்டுக்காரர் பின்னால் மேல் வீட்டு டிரைவரிடம் சொன்னார்.

பத்தாம் நாள் அது பிறாண்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை, வீட்டில் சாப்பிட்டது என்று லேப்காரம்மா வாசலிலிருந்தே சொன்னாள். ஆயாம்மா தலையை மட்டும் ஆட்டினாள். சாயங்கால அறிக்கையெல்லாம் இப்போது வீட்டுக்காரர்தான் கொடுக்கிறார். சுருக்கமாக, பிழையில்லாமல் கொடுக்கிறார். யாருக்கும் அது பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஆறரைக்கு லேப்காரம்மா வந்தாள். முட்டி போடவில்லை, கெஞ்சவில்லை, வாசலுக்குள் வந்து சும்மா நின்றாள். குட்டி அறையின் நடுவில் எழுந்து நின்று அவளைப் பார்த்தது. பிறகு தானாக நடந்துபோய் அவள் கையை மோந்தது, உள்ளங்கையை நக்கியது, வாலை ஆட்டியது. முதலில் கொஞ்சமாக, பிறகு இடுப்பே ஆட. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கினாள். ஆயாம்மா சமையல் மேடைப் பக்கம் திரும்பிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நின்றாள். தொட்டியில் கழுவ ஒன்றும் இல்லை.

“போயிட்டு வரோம்க்கா” என்றது குரல். லேப்காரம்மாவின் தோளில் இருந்த குட்டி தலையைத் திருப்பி, நிமிர்ந்த ஒற்றைக் காதோடு, சமையல் மேடைப் பக்கம் பார்த்தது. ஆயாம்மாவுக்கு அது முதுகிலேயே தெரிந்தது. சரிம்மா என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது குதித்து இறங்கி ஓடிவந்துவிடும். அவள் வாயைத் திறக்கவில்லை. திரும்பாமலே, ஈரக் கையைத் தோளுக்கு மேல் தூக்கி, போ போ என்று ஆட்டினாள்.