சோலைமலை வெட்ட வேண்டிய குலை

நோர்வூட் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் வாழை சட்டென்று குலை தள்ளாது. வலப்பனையில் இருக்கும் தன் அக்கா வீட்டிலிருந்து சோலைமலை ஒரு கன்றைக் கொண்டுவந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நட்டார். அது இடுப்பளவு வளர்வதற்குள் கட்டட வேலைக்கென்று கொழும்புக்குப் போய்விட்டார். பூ வந்த செய்தியை மனைவி வினோதா ஃபோனில் சொன்னபோது, "குலையை வெட்டிராத. நான் வந்து வெட்டுறேன், நீ காயைப் பொரிச்சுக் குடு" என்றார். அடுப்போரம் குந்தியிருந்து, சட்டியிலிருந்து வருவதைச் சுடச்சுட வாயில் போட்டுக்கொள்ளும் மனிதர்.

வினோதா அக்கா அதே லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா, அடுத்த அறை. தேயிலைக் கொழுந்து பறிப்பவர். எங்கள் தோட்டத்தில் முதலில் கெம்பஸ் போய்ப் பட்டம் வாங்கியவன் நான். பட்டமளிப்பு விழாவுக்கு என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது அவர்தான்.

சோலைமலைக்குத் தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கும் இல்லை. வினோதா அக்கா மலையிலிருந்து இறங்கியதும், கூடையைக் கழற்றாமலே போய்க் குலையைத் தடவிப் பார்ப்பார்.

"ஏன்டி, காயைக் காவல் காக்குறியா, புருஷனைக் காவல் காக்குறியா?" என்று எதிர் லயத்து ராசம்மா கேலி செய்வார். "பழுத்துட்டா பொரிக்க முடியாதுடி."

"இந்த ஞாயித்துக்கிழமை கட்டாயம் வர்றேன்னு சொல்லியிருக்காருக்கா."

சனிக்கிழமை மாலை ஃபோன் வந்தது. கொங்கிரீட் போடுகிறார்களாம், வர முடியாதாம். "சரிங்க" என்று மட்டும் சொன்னார் அக்கா. விடிந்து பார்த்தால் மேல் சீப்பில் ஒரு காய் மஞ்சளடித்திருந்தது. தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, குலையைத் தாங்கிப் பிடி. சட்டையைக் கழட்டிரு, கறை பட்டா போகாது. கெம்பஸ்ல இதுக்கெல்லாம் பாடம் இருக்கா?"

குலையை இறக்கியதும், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு காய்களைத் தோல் சீவினார். முதல் காயை விரல் தடிப்பில் அரிந்தார். பாதியில் கத்தி நின்றது. மீதியை மெல்லிசாக, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு அரியத் தொடங்கினார்.

"சோலைமலை மாமாவுக்குத் தடிப்பா இருந்தாத்தானே பிடிக்கும்?" என்றேன்.

"தடிப்பா இருந்தா சுடச்சுடத் திங்கணும்பா. கொழும்பு போறதுக்குள்ள நமத்துப் போயிரும். இதுன்னா மொறுமொறுன்னே இருக்கும். நாளைக்குச் சாமான் ஏத்த அங்க போற ஃபாஸில் நானா கடை லொறியில குடுத்தனுப்பணும்."

உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி எண்ணெயில் போட்டதும் சட்டி சோவென்று இரைந்தது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அக்காவின் கையெல்லாம் மசாலா. நான் எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். சோலைமலைதான்.

"கோவமா?"

"இல்லைங்க."

"குலை இருக்குல்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். "இருக்குங்க. அடுத்த வாரம் வந்து வெட்டுங்க."

"அது என்ன சத்தம்?"

"மழைங்க. தகரத்துல விழுது."

 சோலைமலை கேட்டார்: "மழைக்கு உப்பு போட்டியா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். ஃபோனைச் சட்டிப் பக்கம் பிடிக்கச் சொல்லி எனக்குக் கண் காட்டிவிட்டு, அடுத்த பிடி சீவலை எண்ணெயில் போட்டார்.