தலைவலிக்காக ஒரு ஜெபம்

இன்று காலை சித்தூரில், எங்கள் சர்ச்சில் ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம். நான் எழுந்து, "எங்க பொண்ணு கிரேஸுக்குத் தீராத தலவலி, ஜெபம் பண்ணிக்கோங்க" என்றேன்.

எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்றால் தலைவலி என்றுதான் சொல்வோம். எல்லோருக்கும் புரியும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

பத்தாவது படிக்கிற கிரேஸ், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

"நைனா, எனக்குத் தலவலி இல்ல. பரீட்சைய நெனச்சா மூச்சு முட்டுது, சும்மா சும்மா அழுதுகினு இருந்தேன். பெரியாஸ்பத்திரில எங்க வயசு பசங்களுக்குன்னே கவுன்சிலிங் ரூம் இருக்குது. நானே விசாரிச்சு, போன வாரம் நைனாவ இட்டுகினு போனேன். மேடம் தமிழ்லயும் நல்லா பேசுறாங்க. இப்ப பரவால்ல. அதுக்கு ஸ்தோத்திரம் பண்ணுங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஜெபிக்கக் கண்ணை மூடியிருந்த போதகர், திறந்து அவளைப் பார்த்து, "ஸ்தோத்திரம்மா" என்றார்.

ஆராதனை முடிந்து பைக்கை எடுக்கப் போனேன். பாடகர் குழு சாலமோன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த ரூம் எந்தப் பக்கம் இருக்குது? எங்க பையனுக்கும் ரொம்ப நாளா தலவலி."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு அம்மாக்கள்.

"எங்க பொண்ணையே கேளுங்கண்ணா" என்றேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் கெத்தாகத்தான் கேட்டது.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது தலைவலியா? நிஜமாகவே தலைவலி என்றால் மாத்திரை போடுங்கள். இல்லையென்றால் கமெண்டில் வாருங்கள், கிரேஸ் வழி சொல்வாள்.